பாப்பாவின் இடது சிறுநீரகம்

என் மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய இடது சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டேன். ஐந்தாம் மாத ஸ்கேனில்.

தண்டையார்பேட்டையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் சென்டர் அது. ஸ்கேன் எடுத்த பெண் டாக்டர் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். இதோ தலை, இது முதுகெலும்பு, துடிக்கிறது பாருங்கள், இதுதான் இதயம் என்று காட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினார். வயிற்றில் வைத்திருந்த கருவியை அழுத்தினார், சாய்த்தார், எடுத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். திரையில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது.

"இன்னா மேடம்?" என்றார் என் கணவர். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்ல. லெஃப்ட் கிட்னியில நீர் தேங்கி கொஞ்சம் வீக்கமா இருக்கு. ரைட் நார்மல். ரிப்போர்ட்ல எழுதித் தரேன், உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஒண்ணுமில்லை என்று அவர் தொடங்கியது என் காதில் விழவே இல்லை. கிட்னி என்ற சொல் மட்டும் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கிட்னி என்றால் டயாலிசிஸ் என்றுதான் அர்த்தம். எங்கள் தெருவிலேயே கையில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கும் ஒருவர் இருந்தார். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே நான் அவரைத்தான் நினைத்தேன். இன்னும் பிறக்காத ஒரு குழந்தையை அவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தது மனசு.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளுக்குக் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை. என் கணவர் காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர். போனால் ஒரு வாரம், பத்து நாள் கடல்தான். திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தங்கிய கரு இது. அதனால் வீட்டில் எல்லோரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மகப்பேறு மருத்துவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, குழந்தைகளின் சிறுநீரகத்தை மட்டுமே பார்க்கும் ஒரு டாக்டரிடம் போகச் சொன்னார். என் கணவரின் அக்காவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் மீன் வியாபாரி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் என் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான்.

"பொறக்காத புள்ளைக்கு இன்னாத்துக்கும்மா டாக்டரு? மொதல்ல அது வெளில வரட்டும்" என்றார். சொன்னாரே தவிர, மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களோடு கிளம்பி வந்ததும் அவர்தான்.

பெரிய மருத்துவமனை. கையில் குழந்தையோடு வரிசையாக உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு நடுவில், வயிற்றுக்குள் குழந்தையோடு நான் ஒருத்திதான். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவசரமே இல்லாத மனிதர். ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, இரண்டு அவரை விதை, அவற்றிலிருந்து இரண்டு குழாய், கீழே ஒரு பை என்று வரைந்தார்.

"இது கிட்னி, இது பிளாடர். யூரின் மேல இருந்து கீழ வரணும். உங்க பாப்பாவுக்கு இந்தப் பக்கம் எங்கயோ தேங்குது. ஏன் தேங்குதுன்னு பொறந்தப்புறம்தான் சரியா தெரியும்."

"கிட்னி கெட்டுப்போகுமா, போகாதா? அத மட்டும் சொல்லுங்க மேடம்" என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்குப் போகிறவள் குரல் மாதிரி கேட்டது.

அவர் கோபப்படவில்லை. "அத இன்னிக்கே சொல்ல முடிஞ்சா சொல்லிடுவேன்மா. முடியாது. ஆனா எத பாத்தா பயப்படணும், எத பாத்தா பயப்பட வேணாம்னு எனக்குத் தெரியும். அத சொல்றேன், கேளுங்க."

இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் கவலைப்பட வேண்டும். உங்கள் பாப்பாவுக்கு ஒரு பக்கம்தான். குழந்தையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். அது குறைந்தால் கவலைப்பட வேண்டும். உங்களுக்கு நிறைய இருக்கிறது. வீக்கம் சிறுநீரகத்தின் சதையை நசுக்கி மெலிதாக்கினால் கவலைப்பட வேண்டும். இதில் சதை நன்றாகத்தான் தெரிகிறது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். "நெறைய பாப்பாங்களுக்கு இது தானாவே வத்திடும். சில பேருக்கு மருந்து வேணும். ரொம்பக் கொஞ்சம் பேருக்கு ஆபரேஷன். நீங்க இதுல எந்த வரிசைன்னு போகப் போகத்தான் தெரியும். அதுவரைக்கும் நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

கடைசி வாக்கியம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மற்றபடி, தெளிவாக ஒரு பதிலைக் கேட்கப் போனவள் தெளிவாகத் தெரியாது என்ற பதிலோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தா மே. கடலுக்குப் போவாதன்னு எச்சரிக்கை வுடறாங்க இல்ல, ஒவ்வொரு தபாவும் புயலா வருது? பாதி தபா மழைகூட வராது. அதுக்குன்னு கடலுக்குப் போயிட முடியுமா? போட்ட கட்டிட்டு வூட்ல குந்தினு கீறோம். வந்தா தப்பிச்சோம், வராட்டி நல்லது. டாக்டரம்மா சொல்றதும் அதான்."

அவர் சொன்னதில் என் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று இரவு சாப்பிட்டேன்.

எட்டாம் மாதம் மறுபடியும் ஸ்கேன். இந்த முறை டாக்டரம்மாவே அந்த அறைக்கு வந்து நின்றார். வீக்கம் கூடவில்லை, குறையவும் இல்லை. திரையில் குழந்தையின் வயிற்று அடிப்பக்கத்தில் உருண்டையாக ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. அதைக் காட்டி, "இதான் பிளாடர். பாத்துட்டே இருங்க" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாகிவிட்டது.

"உங்க குழந்தை இப்ப ஒண்ணுக்குப் போயிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியதில் திரையில் எல்லாம் ஆடியது. ஸ்கேன் எடுத்தவர், "ஆடாதீங்கம்மா, ஆடாதீங்க" என்று கெஞ்சினார். கர்ப்பம் தரித்ததிலிருந்து நான் அப்படிச் சிரித்தது அன்றுதான். பை நன்றாக நிறைகிறது, நன்றாகக் காலியாகிறது, கீழே அடைப்பு இல்லை என்பது அதற்கு அர்த்தம் என்று பிறகு விளக்கினார்.

பெண் குழந்தை பிறந்தது. மயக்கம் தெளிந்ததும் நான் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒண்ணுக்குப் போச்சா?" என்பதுதான். "போச்சாவா? என் கோட்டு மேலயே போயிட்டா உன் பொண்ணு" என்றார் அந்த நர்ஸ். அண்ணி அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். பெண் பிறந்ததற்குக் கொடுக்கிறார் என்று வாங்கிக்கொண்டவர்களிடம், "அதுக்கும்தான், எம் மருமவ ஒண்ணுக்குப் போனதுக்கும்தான்" என்று விளக்கம் வேறு.

பிறந்தவுடன் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் உடம்பில் நீர் குறைவாக இருக்கும், வீக்கம் இருந்தாலும் இல்லாததுபோல் ஏமாற்றிவிடும் என்றார். அதனால் காத்திருந்து எடுத்தோம். வீக்கம் இருந்தது. பிறகு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பையில் மருந்தை நிரப்பிப் படம் எடுக்கும் சோதனை. பாப்பா கத்திய கத்தலில் எனக்கு மார்பில் பால் கசிந்துவிட்டது. படத்தில், கீழே போக வேண்டிய மருந்து இடது பக்கக் குழாயில் மேல்நோக்கி ஏறியிருந்தது.

"பையில இருந்து கிட்னிக்குத் திரும்ப ஏறுது. அதான் வீக்கம்" என்றார் டாக்டரம்மா. "பாப்பா வளர வளர, குழாய் பையில வந்து சேர்ற அந்த வாசல் தானா இறுகிடும்னு எதிர்பாக்கறேன். ஏறுறது தனியா கெடுதல் பண்ணாது. ஆனா யூரின்ல கிருமி வந்து, அதுவும் சேர்ந்து மேல ஏறினா, கிட்னியில தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் திரும்ப வேலை செய்யாது. அதனால தினமும் ஒரு வேளை இந்த மருந்து. இன்னொண்ணு, ஜுரம் வந்தா சளியா இருக்கும், பல் முளைக்குதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. அன்னிக்கே யூரின் டெஸ்ட்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள்தான். பாப்பா பால் குடித்தாள், தூங்கினாள், சிரித்தாள். நான் பேறுகால விடுப்பில் இருந்தேன். மற்ற தாய்மார்கள் குழந்தையின் கண்ணும் மூக்கும் யாரை மாதிரி என்று பார்ப்பார்கள். நான் ஈரத்துணியை முகர்ந்து பார்ப்பேன். வாடை மாறியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று. மணலிப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் எல்லாமே ஒரே கெமிக்கல் வாடையாக இருக்கும். அன்றைக்கு மூக்கை நம்ப முடியாது, கண்ணை மட்டும்தான் நம்ப வேண்டும்.

ஜுரம் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தது. படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. என் கணவர் தினமும் போய்ப் படகுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பிவிடுவார். அன்று காலை பாப்பாவைத் தூக்கினால் உடம்பு அடுப்பில் வைத்த கல் மாதிரி சுட்டது. போன் செய்ததும் கையெல்லாம் நீல பெயின்ட்டோடு ஓடி வந்தார்.

தெருமுனை லேபில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து, "டயப்பர்ல இருந்து பிழிஞ்சு எடுத்துட்டு வராதீங்க. விழும்போதே பிடிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

விழும்போது பிடிப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. பாப்பாவைக் கழுவித் துடைத்து, அண்ணி மடியில் உட்கார வைத்து, என் கணவர் கீழே கிண்ணத்தோடு குந்திக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பாப்பா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு மரியாதை எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

"கை வலிக்குது. நீ புடி மே" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்ட அவர் திரும்பிய அந்த நொடியில் பாப்பா ஒண்ணுக்குப் போய்விட்டாள். அவருடைய சட்டையிலேயே.

"ஏண்டா, வாரம் பூரா கடல்ல வலை போட்டுகினு காத்துகினு கீற. இந்த ரெண்டு சொட்டுக்குக் காத்திருக்க முடியலியா ஒனக்கு?" என்று அண்ணி அவர் தலையில் குட்டினார்.

டாக்டரம்மாவின் ஓ.பி.யில் இருந்த நர்ஸுக்குப் போன் செய்தேன். குளிர்ந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து அடிவயிற்றில் மெதுவாகத் தடவிக்கொடுங்கள் என்றார். பால் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தோம். நான் தடவ, அண்ணி பிடித்துக்கொள்ள, அவர் இந்த முறை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"புட்ச்சிட்டேன்! புட்ச்சிட்டேன்!"

அவர் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் நடந்து போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். எதிரே வந்த பைக்கை நிறுத்தி, "வழி வுடு நைனா" என்று அதட்டிவிட்டுப் போனார்.

சிறுநீரில் சீழ் இருந்தது. ஆட்டோவில் ஏறி நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஊசி மருந்து போட வேண்டும் என்று படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஜுரம் இறங்கத் தொடங்கியதும் டாக்டரம்மா வந்து கட்டிலோரத்தில் நின்றார். முன்பு ஒருமுறை கேட்ட கேள்வியையே இன்னொரு முறை கேட்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது கிட்னி பிரச்னை இருந்திருக்கா? இல்ல, சின்ன வயசுல அடிக்கடி ஜுரம், யூரின் எரிச்சல்?"

"யாருக்கும் இல்ல மேடம்" என்றார் என் கணவர், முன்பு சொன்ன மாதிரியே.

பாப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்த அண்ணி விசிறியை நிறுத்தினார். "இன்னாடா இல்ல? ஒனக்கு மாசத்துக்கு ஒரு தபா ஜொரம் வரும். குளிரு தூக்கித் தூக்கிப் போடும். ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுவ. எளநீ வாங்கிக் குடுத்து, கஷாயம் வச்சிக் குடுத்து நான் பட்ட பேஜாரு எனக்குத்தானே தெரியும்? பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் அப்படித்தான் இருந்த."

"எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லியே" என்றார் அவர்.

டாக்டரம்மா பாப்பாவை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "இப்ப உங்களுக்கு ஏதாவது வலி இருக்கா?"

"முதுகு வலிக்கும். கடல்ல பொழைக்கறவனுக்கு முதுகு வலிக்காம இருக்குமா?"

"அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"மெடிக்கல்ல கேட்டா வலி மாத்திரை தருவாங்க. போட்டுக்குவேன். கடலுக்குப் போறப்போ ஒரு அட்டை எடுத்துகினு போவேன்."

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டு அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். பார்த்த நர்ஸ் மறுபடியும் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவே பார்த்தார். "நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

"கொயந்தைக்கு ஜொரம்னு வந்தா என்ன இட்டுகினு போய் படுக்க வைக்கறாங்களே" என்று சிரித்துக்கொண்டேதான் போனார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. அவருடைய இடது சிறுநீரகம் காய்ந்த நெல்லிக்காய் மாதிரி சுருங்கிப்போயிருந்தது. ஏறக்குறைய வேலை செய்வதையே நிறுத்திவிட்டிருந்தது. வலது பக்கத்துச் சிறுநீரகம் இரண்டு பேர் வேலையைச் செய்து பெருத்திருந்தது. சின்ன வயதில் வந்த ஒவ்வொரு ஜுரமும் அங்கே ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ரத்த அழுத்தம் கூடியிருப்பதும் அதனால்தான். வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் ஒன்றையும் கெடுத்துவிடும்; இன்றோடு விட்டுவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் நானாக இல்லை. ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் குழந்தை. இரண்டு பேருக்கும் அதே இடது பக்கம். மகளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்குப் பதில் இதுதானா? டாக்டரம்மாவைப் பின்தொடர்ந்து வராந்தா வரைக்கும் போய்விட்டேன்.

"பாப்பாவுக்கும் அப்படித்தான் ஆகுமா மேடம்?"

அவர் நின்றார். "அவரோட கிட்னிய யாரும் பாக்கலம்மா. பாத்திருந்தா சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்கும். ஜுரம் வந்துச்சு, கஷாயத்துல அடங்கிச்சு, உள்ள என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. இவள நாம பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து பாத்துட்டு இருக்கோம். நேத்து காலைல ஜுரம் வந்துச்சு, சாயந்திரமே ஊசி போட்டாச்சு. அவருக்கு நடந்தது இவளுக்கு நடக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. தழும்பு விழுந்துச்சா இல்லையான்னு சில மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன்ல பாத்துடலாம்."

அதற்குள் என் கணவர் தேறிவிட்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது பாப்பாவின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். "இத்தினி வருஷமா ஒத்த இன்ஜின்லதான் ஓட்டிகினு வந்துகீறேன் பாத்தியா" என்றார் அவளிடம். பிறகு என்னிடம் மெதுவாக, "இவ மட்டும் வரலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மே. அந்த மாத்திரைய முழுங்கி முழுங்கியே போயிருப்பேன்" என்றார். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் இன்னாத்தடா கண்டேன்" என்றார். "நீ கஷாயம் வச்சிக் குடுத்ததாலதான் ஒண்ணாவது மிஞ்சிச்சு, போ" என்று அவர் அக்காவைத் தட்டிக்கொடுத்தார். அண்ணி அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின. பெரியவர்களுக்கான சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் பார்த்து, கடலுக்குப் போகலாம் என்று உறுதி வாங்கிய பிறகே நான் அவரை விட்டேன். வலி மாத்திரை அட்டை இருந்த இடத்தில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை போனது. தண்ணீர் கேனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படகு ஓட்டுகிறார் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்தார்களாம். "டாக்டர் சொல்லிகீறாங்க, இன்னா இப்ப?" என்று மடக்கிவிட்டதாக வந்து சொன்னார். முதுகு வலிக்கு அண்ணி எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிறார். கொஞ்சம் கேட்கிறது, கொஞ்சம் கேட்கவில்லை.

பாப்பாவுக்கு அந்தத் தழும்பு ஸ்கேன் நடந்த நாள் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கையில் ஓர் ஊசி மருந்து போட்டுவிட்டு, அது சிறுநீரகத்தில் போய்ப் படிவதற்காக வெகுநேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு பெரிய கேமராவுக்குக் கீழே அவள் அசையாமல் படுக்க வேண்டும். எட்டு மாதக் குழந்தையிடம் அசையாதே என்று எப்படிச் சொல்வது? வயிறு நிறையப் பால் கொடுத்து, தோளில் போட்டு நடந்து, கண் சொக்கியதும் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்தேன். அவள் நெஞ்சில் கையை வைத்தபடி குனிந்தே நின்றேன். திரையில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து இரண்டு உருவங்கள் மெல்ல வந்தன. வலது பக்கம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் இடது பக்கமும், ஏறக்குறைய அதே அளவில், அதே வெளிச்சத்தில். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு இருந்தன. என் கணவரின் ஸ்கேனில் பார்த்தது போல ஒன்று பெரியதும் ஒன்று சுருங்கியதுமாக இல்லை.

டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வேலை செய்யுது. இடது பக்கம் மேல் ஓரத்துல சின்னதா ஒரு தழும்பு இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதால வேலை குறையல."

"இனிமே?"

"இனிமேவும் பாத்துட்டே இருப்போம். பிரஷர், யூரின்ல புரோட்டீன் போகுதா, கிட்னி அவளோட சேர்ந்து வளருதா. இந்த மூணும் நல்லா இருக்கற வரைக்கும் நீங்க நிம்மதியா இருக்கலாம். பெரிய பொண்ணாகி, கல்யாணமாகி, அவ கர்ப்பமா இருக்கும்போது மட்டும் இத மறக்காம டாக்டர்கிட்ட சொல்லணும்."

போர்வைக்குள் கை சூப்பிக்கொண்டிருந்தவளின் கர்ப்பத்தைப் பற்றி அவர் அவ்வளவு சாதாரணமாகப் பேசியதுதான் எனக்கு வேறு எந்த வார்த்தையையும்விட நிம்மதியைத் தந்தது. அவள் அவ்வளவு தூரம் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தழும்பு அதற்குமேல் பெரிதாகவில்லை. வீக்கம் ஒவ்வொரு ஸ்கேனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. மூன்று வயது தாண்டியதும் மறுபடியும் குழாய் போட்டுப் பார்த்தார்கள். மருந்து மேலே ஏறவில்லை. வாசல் இறுகிவிட்டிருந்தது. தினசரி மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய பிறகும் அந்த வேளை வந்தால் என் கை தானாக அலமாரிக்குப் போகும். அது மறக்க வெகுநாள் ஆனது.

பள்ளியில் சேர்த்தபோது டீச்சரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஒண்ணுக்கு என்று கேட்டால் உடனே விட்டுவிடுங்கள், அடக்கி வைக்கக் கூடாது. என் மகளிடமும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வகுப்பே அதிரும்படி கத்துகிறாள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே புகார் சொன்னார். அவள் எழுந்தால் பின்னாலேயே இன்னும் நான்கு பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்களாம். யாரும் அடக்கி வைப்பதில்லை என்பது நல்லதுதானே என்றேன்.

இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸிடம், "எங்க நைனாவுக்கும் கட்டுங்க" என்று அப்பாவைக் காட்டினாள். நர்ஸும் கட்டினார். இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. டாக்டரம்மாவின் தலை இப்போது முழுதாக நரைத்துவிட்டது. ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் அவளோட சேர்ந்து நல்லா வளருது. அடுத்த வருஷம் வாங்க" என்றார். பாப்பா அவரிடம், "எனக்கு ஒண்ணும் இல்லன்னா எதுக்கு வரணும்?" என்று கேட்டாள். "என்னப் பாக்கறதுக்கு" என்றார் அவர். பாப்பா யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

வரும் வழியில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினோம். அண்ணிக்கு ஒரு புடவை எடுக்க வேண்டியிருந்தது. எம்.சி. ரோட்டின் கூட்டத்தில் என் கணவர் பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். மேலே உட்கார்ந்தவள் ஒவ்வொரு கடையாகப் பார்த்து, தனக்கு ரோஜா நிறத்தில் கவுன் வேண்டும், நைனாவுக்கு மஞ்சள் சட்டை வேண்டும் என்று சத்தமாக உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாள். வாங்கிப் போட்டுப் பார்த்தபோது மஞ்சள் சட்டை அவருக்கு எடுப்பாகவே இருந்தது.